மத்தியான ஆராதனை

அம்மா,

உன் பழைய கைப்பையை இன்று சபைக்கு எடுத்துப் போயிருந்தேன். வாக்கெடுப்புக்கு முன் கைக்குட்டையைத் தேடியபோது, பையின் மூலையில் ஒரு கிராம்பு விரலில் தட்டுப்பட்டது. பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுக்கும்முன் வாயில் போட்டுக்கொள்வாயே, அது. மணம் இன்னும் போகவில்லை.

நம் தமிழ் ஆராதனையை ஆங்கில ஆராதனையோடு சேர்த்துவிடலாம் என்று மூப்பர்கள் முடிவு செய்திருந்தார்கள். சபை சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். சேர்ப்பது என்றால் மூடுவது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கோயில் சுவரில் இருக்கும் வரலாற்றுப் பலகையில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த போதகர்களின் பெயர்கள் மட்டுமே உண்டு. மீதியை நீதான் சொன்னாய், பாயான் பாரு ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டே. குளிர்ந்த காலை துரைமார்களுக்கு. வெயில் ஏறிய மத்தியானம் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த நம்மவர்களுக்கு. அவர்களுக்கு எழுத்து தெரியாததால் ஒருவர் அடி அடியாகச் சொல்வார், மற்றவர்கள் எழுந்து நின்று பாடுவார்கள். எல்லோரும் படித்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. நீ போன பிறகுதான் பாட்டு வரிகளைக் காட்டும் திரை வந்தது.

"யூனிவர்சிட்டி படிச்சவ, ஒரு நாளு நீ எடுத்துக் குடேன்" என்பாய். நான் தூணுக்குப் பின்னால் நகர்வேன். "வாயில என்ன, கொழுக்கட்டையா?"

இன்று செயலாளர் அங்கிள் மேசையில் உட்கார்ந்தபடி மைக்கை இழுத்துக்கொண்டார். "நம்ம பிள்ளைங்க இங்கிலீஷ்லதானே பேசுது? பாதிப் பேரு பத்து காவான் பக்கம் வீடு மாறிப் போயாச்சு. நாலு பேருக்கு எதுக்குலா தனி ஃபேனு, தனி லைட்டு?"

"ஃபேனா? அது சுத்துனதை யாரு பாத்தா?" என்றார் பின்வரிசை அக்கா. சிரித்தார்கள்.

"சரி, சேக்க வேணாம்னு நெனைக்கிறவங்க எழுந்து நில்லுங்க."

சிரிப்பு நின்றது. யாரும் அசையவில்லை. ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் முதலில் ஓடி வருகிறவர் செயலாளர் அங்கிள். அவர் முகத்துக்கு நேராக எப்படி எதிர்த்து நிற்பது?

நான் எழுந்தேன். எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஏதாச்சும் பேசணுமாம்மா?"

கிராம்பை வாயில் போட்டுக் கடித்தேன். நீ கடைசியாக எடுத்துக் கொடுத்த பாட்டின் முதல் அடியை, நீ சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அடி காதில் விழுந்தால் நம்மவர்களுக்கு உட்கார்ந்து பாடத் தெரியாது, அம்மா. முன்வரிசையில் ஒரு கைத்தடி தரையில் ஊன்றியது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. நான் இரண்டாம் அடிக்கு வாயைத் திறந்தபோது சபை முழுவதும் நின்று பாடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. "இதை எப்படிலா எண்ணுறது?" என்றார் செயலாளர்.

"உங்களையும் சேத்து எண்ணுங்க அங்கிள்" என்றார் பின்வரிசை அக்கா.

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவரும் நின்றுகொண்டிருந்தார். "மத்தியானம் இருக்கட்டும்" என்று மைக்கை அணைத்தார்.

அடுத்த ஞாயிறு யார் அடி எடுத்துக் கொடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். நாக்கில் இன்னும் காரம் இருக்கிறது. வரும் வழியில் ஒரு பொட்டலம் கிராம்பு வாங்கி, உன் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.