குழியின் ஓரத்தில் மிளகளவு

மார்ச் 4
அரேக்கிப்பாவில் இன்றும் மழை. விடிகாலையில் வார்டில் அனாயீக்கு மருந்துத் தண்ணீர் கொடுத்தேன். ஏழு வயது. "புளிக்குது, நெலிடா அத்தை" என்று முகம் சுளித்தாள். அதைக் குடித்தால் மூளைக்கட்டி நீல விளக்கில் இளஞ்சிவப்பாக ஒளிரும்.

அறுவை முடிகிற நேரம் டாக்டர் உகார்த்தேச்சே நீல விளக்கைப் போட்டார். திரையைப் பார்த்தேன். கட்டியை எடுத்த குழியின் ஓரத்தில் மிளகளவு இளஞ்சிவப்பு.

"சுத்தமா இருக்குல்ல, நெலிடா?"

"ஆமா டாக்டர்" என்றேன்.

ஏன் சொன்னேன்?

மார்ச் 5
அந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை வெளிச்சம் பட்டால் அனாயீயின் தோல் வெந்துவிடும். ஜன்னலுக்குக் கம்பளி கட்டியிருக்கிறோம். இருட்டில் ஓயாமல் பேசுகிறாள். அவள் அம்மா சத்துர்னீனா, சீவாய் மலையூர்ச் சந்தையில் ஐராம்போ என்கிற கள்ளிவிதைச் சாறு விற்கிறவள், எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்தாள். அதே இளஞ்சிவப்பு. குடிக்க முடியவில்லை.

மார்ச் 6
இருபத்திரண்டு வருஷ நர்ஸ் சர்வீஸ். வாயில் என்ன, கொழுக்கட்டையா?

மார்ச் 8
கண்ணை மூடினால் அந்தப் புள்ளிதான்.

மார்ச் 9
டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் நிமிரவே இல்லை.

"நானும் பாத்தேன். அதுக்கு அடியிலதான் அவ பேச்சு இருக்கு. எடுத்தா ஊமையாயிடுவா."

"அப்புறம் ஏன் எங்கிட்ட கேட்டீங்க?"

"யாராவது ஆமான்னு சொல்லணும்போல இருந்துச்சு."

"அவ அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"முழுசா எடுத்தாச்சுன்னு."

பாவி மனுஷா. சத்துர்னீனா நாளை ஊருக்குக் கிளம்புகிறாள். குணமாகிவிட்டதாக நம்பும் பிள்ளையை மலையிலிருந்து மறுபடி ஸ்கேனுக்கு எவள் தூக்கி வருவாள்? "காலையில நீங்க சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்றேன்.

மார்ச் 10
சொன்னார். சத்துர்னீனா அவரை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நீங்களும் உள்ளதானே இருந்தீங்க, சிஸ்டர்?"

ஜூனில் ஸ்கேனுக்கு வரவேண்டிய தேதியைச் சொன்னேன்.

ஜூன் 12
பிள்ளையோடு வந்துவிட்டாள், சொன்ன தேதிக்கே. ஸ்கேனில் மிளகு கொண்டைக்கடலையாகியிருக்கிறது. பேச்சுப் பகுதிக்கு வெளியே வளர்ந்ததை எடுக்கலாம் என்கிறார் டாக்டர். சத்துர்னீனா பாட்டில் கொண்டுவரவில்லை. "நீங்க உள்ள இருங்க. என்ன தெரிஞ்சாலும் வாயத் திறந்து சொல்லணும்" என்றாள்.

ஜூன் 16
நீல விளக்கு. "சுத்தமா?" என்றார், பழக்கத்தில்.

"இல்ல டாக்டர். கடுகளவு இருக்கு."

"அது பேச்சு மேலயே உக்காந்திருக்கு. விட்டுடலாம்" என்றார். பிறகு கருவியைக் கீழே வைத்தார்.

சத்துர்னீனாவிடம் நானே போய்ச் சொன்னேன். "கடுகளவா?" என்று விரல் நுனியைக் காட்டிக் கேட்டாள். தலையாட்டினேன். அடுத்த ஸ்கேன் தேதியைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 17
ஜன்னலில் மறுபடி கம்பளி. இருட்டுக்குள்ளிருந்து அனாயீ ஐராம்போ கேட்கிறாள்.