ஆன்ஸ் மாரி பள்ளிக்கூடத்தின் கூரை

மார்ச் 4
அமெரிக்கக் காங்கிரசில் நம் தீவுகளுக்குப் பணம் தர ஒரு சட்டம் வரப்போகிறதாம். ரோந்துப் படகு, வயர்லெஸ், புயல் பாதுகாப்பிடம் எல்லாம் ஒரே சட்டத்தில். சட்டத்தை எழுதுகிறவர்களே நேரில் பார்க்க வருகிறார்கள். புயல் வந்தால் எங்கள் ஊர் ஆன்ஸ் மாரி ஒதுங்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். போன புயலில் கூரை பறக்காமல் அம்மாவும் இன்னும் ஆறு பேரும் கயிறு கட்டிப் பிடித்திருந்ததையும் எழுதினேன். “காலேஜ் படிப்பு வீண் போகல பொண்ணே” என்றார் எங்கள் பேரிடர் அலுவலக மேலதிகாரி பெலோ.

மார்ச் 20
ஐயோ, கூரைக்குப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்! துருப்பிடித்த தகரம் முழுக்க சிவப்பு. ஒழுகும் இடங்களை மறைத்துப் புதுப் பலகை. ஊர்த் தலைவி செராஃபின் அக்கா சிரிக்கிறாள்: “வெளியாளுங்க வர்றப்ப ஓட்டையையா காட்டுவாங்க?” அம்மாவின் முழங்கை வரை சிவப்பு. “எம்பொண்ணு கூட்டிட்டு வர்றாளேன்னு நாலு நாளா அடிச்சோம்டி.”
ஓட்டையைத்தானே காட்ட வேண்டும்?

மார்ச் 21
வந்த அமெரிக்க அதிகாரி அம்மாள் என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். “இதே பள்ளிதானா? சரி பண்ணிட்டாங்களா?” ஊரே ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நிற்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் செராஃபின் அக்கா, “எல்லாம் ஜோரா இருக்குங்க!” என்றாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் குனிந்து கோகோ ஊற்றினேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

மார்ச் 22
ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

டிசம்பர் 17
சட்டம் நிறைவேறிவிட்டது. அலுவலகத்தில் கேக்.

பிப்ரவரி 9
அந்தச் சட்டத்தின் பணம் போகும் இடங்களின் பட்டியல் வந்தது. பதினோரு பாதுகாப்பிடங்கள். ஆன்ஸ் மாரி இல்லை. காரணம்: ‘நல்ல நிலையில் உள்ளது.’ ஆனால் எங்கள் ஊருக்கு ரோந்துப் படகு உண்டு. படகுக்காரர்களுக்கு மேட்டில் கான்கிரீட் கட்டடமும் உண்டு.
பெலோவிடம் போனேன். கூரை துருப்பிடித்து ஒழுகுவது, மேலே பூசியிருப்பது வெறும் பெயின்ட் என்றேன்.
“நீதானே பக்கத்துல நின்னே? அன்னிக்கு வாய்ல என்ன வெச்சிருந்தே?”

மே 30
புயல் பருவம் தொடங்கப்போகிறது. வானொலியில் வாசிக்கும் பாதுகாப்பிடப் பட்டியலில் நான் கையெழுத்திட வேண்டும். பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தால் ஜனங்கள் நம்பி உள்ளே போவார்கள். அந்தப் பெயரை அடித்துவிட்டேன்.

ஜூன் 2
அம்மா போனில்: “நம்ம ஸ்கூல் பேரு வரலையே. எடுத்தது யாரு?”
“நான்தாம்மா.”
“அந்தம்மாகிட்ட சொல்ல வாய் வரல. இப்ப ரேடியோவுல ஊருக்கே சொல்றியா? அடுத்த எடம் ஆத்துக்கு அந்தாண்ட. புயல்ல பாலம் நிக்குமா? நாங்க எங்கடி போறது?”
வைத்துவிட்டாள்.

ஜூன் 30
அம்மா இன்னும் பேசவில்லை. செராஃபின் அக்கா பேருந்தில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நியாயம்தான்.

ஆகஸ்ட் 26
புயல் நாளை காலை கரை கடக்கும் என்கிறார்கள். ஆற்றுப் பாலம் மதியமே மூழ்கிவிட்டது. ரோந்துப் படகை நேற்றே பெரிய துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஆட்களோடு. மேட்டுக் கட்டடம் காலி. சாவி கேட்டு மூன்று முறை பேசினேன். அது பாதுகாப்புப் பிரிவுக்கு ஒதுக்கியதாம், சட்டத்தில் இடமில்லையாம்.
நான்கு மணிக்கு அம்மா அழைத்தாள். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம்.
“மேட்டுல நிக்கிறோம்டி. கதவு பூட்டியிருக்கு.”
“உடைங்கம்மா.”
“யாரு சொன்னான்னு கேட்டா?”
என் முழுப் பெயரையும் பதவியையும் சொன்னேன். பெலோ தலை நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன்.