ரோகிணி மறைந்த நேரம்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய மில்லிமீட்டர் அவர்களுக்கு,

அந்தப் பட்டப்பெயரைக் கடிதத்தில் எழுதாதே என்று போன தடவை கோபித்துக்கொண்டீர்கள். எழுதிவிட்டேன். தலையில் குட்ட வேண்டுமென்றால் இரண்டாயிரம் கிலோமீட்டர் ரயிலேறி வந்து குட்டுங்கள்.

இங்கே நலம். அத்தை காலையில் எழுந்ததும் "எம்புள்ள லெட்டர் போட்டானா?" என்றுதான் கேட்கிறார். பல் தேய்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. இங்கே ஆலை மூடி, நீங்கள் அங்கே வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை லீவில் வருவேன் என்றீர்கள். நான் எண்ணவில்லை, உங்கள் அம்மாதான் எண்ணுகிறார்.

மாலைக் கல்லூரியில் இது கடைசிப் பருவம். பட்டம் கிடைத்தால் நகராட்சி ஆபீஸில் பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னலை விட்டு உள்ளே ஒரு மேஜைக்குப் போகலாம். ஆனால் எங்களைப் போல விஞ்ஞானம் படிக்காதவர்களும் ஒரு விஞ்ஞானத் தாள் எழுதியாக வேண்டுமாம். நட்சத்திரங்களும் விண்மீன் மண்டலங்களும். கணக்கைக் கண்டால் ஓடுகிற நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். "சூரியனும் மத்த நட்சத்திரம் மாதிரிதான். பக்கத்துல இருக்கறதால பெருசாத் தெரியுது" என்றார் ஆசிரியை. "எங்க டிப்போ மேனேஜர் மாதிரி" என்றார் என் பின்னால் இருந்த பஸ் நடத்துநர்.

உங்களிடம் ஓர் உதவி. மார்ச் 3 மாலை பாதி நிலா ரோகிணிக்குப் பக்கத்தில் வரும். ரோகிணி, செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும், சட்டென்று தெரியும். வெளியூரில் சொந்தக்காரர் இருப்பவர்கள் அவரையும் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். எதற்கு என்று கேட்டோம். "பதிலை முன்னாடியே சொன்னா, பதிலுக்கு ஏத்த மாதிரி எழுதிடுவீங்க" என்றார் ஆசிரியை. ஆகவே கடிகாரத்தை ரேடியோ செய்தியோடு சரிபார்த்து, ஏழு மணியிலிருந்து பாருங்கள். என்ன நடந்தாலும் நொடி வரை குறித்து அனுப்புங்கள். உங்களிடம் போய் இதைச் சொல்கிறேன் பாருங்கள்.

வேலையிடத்துக்குப் போன் செய்யக் கூடாது என்றீர்கள், செய்யவில்லை. கடிதமாவது கொஞ்சம் நீளமாக எழுதுங்கள்.

உங்கள்
கல்லூரிக்காரி

*

பிப்ரவரி 13

அன்புள்ள கல்லூரிக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை.

வேலை எப்போதும் போலத்தான். அழுத்தமானிகள் வருகின்றன, சோதித்துக் கையெழுத்துப் போட்டால் கொதிகலன்களுக்குப் போகின்றன. இதில் நீளமாக எழுத என்ன இருக்கிறது? இப்போது லீவு கேட்கிற நிலைமை இல்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

மார்ச் 3 பார்க்கிறேன். விடுதி மாடியிலிருந்து வானம் நன்றாகத் தெரியும். பார்த்ததை எழுதுவேன், பார்க்காததை எழுத மாட்டேன். மேகம் மூடினால் மேகம் என்றுதான் வரும். உன் மதிப்பெண்ணுக்காக இட்டுக்கட்ட மாட்டேன்.

நீ படிப்பது எனக்குப் பெருமை. இதை நேரில் சொன்னதில்லை.

இப்படிக்கு
மில்லிமீட்டர்

*

மார்ச் 4

அன்புள்ள கல்லூரிக்காரிக்கு,

நேற்று வானம் சுத்தமாக இருந்தது. கடிகாரத்தை ஏழு மணிச் செய்தியின் கடைசிப் 'பிப்'புக்குச் சரிசெய்தேன்.

7.05: நட்சத்திரம் நிலாவின் இருண்ட பக்கத்தில், பாதி நிலா அகலத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில்.
7.25: கால் அகலம்.
7.41.21: மறைந்தது. மங்கிப் போகவில்லை. பளிச்சென்று இருந்தது, அடுத்த நொடி இல்லை.
8.52.40: ஒளியுள்ள பக்கத்தில் மீண்டும் தெரிந்தது. கண் கூசியதால் இந்த நேரத்தில் ஐந்து நொடி முன்பின் இருக்கலாம். முதல் நேரத்தில் ஒரு நொடிக்கு மேல் பிழை இராது.

நிலாவின் ஒளியில்லாத பாதி கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு நட்சத்திரம் போய்விட்டது. எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆசிரியைக்கு இந்த வரி வேண்டாம்.

மில்லிமீட்டர்

*

மார்ச் 15

உங்களுக்கு,

நேற்று ஆசிரியை எங்கள் ஊர் நேரத்தையும் வெளியூர்களின் நேரத்தையும் பலகையில் எழுதினார். பிறகுதான் எதற்கு என்று சொன்னார். நட்சத்திரம் எட்டாத தூரத்தில் இருக்கிறது, நிலா பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஊர் மாறினால் நட்சத்திரத்துக்கு முன்னால் நிலா நிற்கும் இடமும் மாறும். ஓர் ஊரில் மறைக்கும், இன்னோர் ஊரில் விலகிப் போகும். அந்த வித்தியாசத்தை வைத்து நிலா எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாமாம்.

என்னோடு படிக்கும் தையற்கடைக்காரரின் தம்பி நீங்கள் வேலை பார்க்கும் ஊரில்தான் இருக்கிறார். அவர் எழுதியது ஒரே வரி. நட்சத்திரம் மறையவில்லை, நிலாவுக்கு மேலே ஒதுங்கிப் போய்விட்டது. அந்த ஊரில் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்றார் ஆசிரியை.

நம் மொட்டை மாடியில் அத்தை ரேடியோவைப் பிடித்துக்கொள்ள, நான் டார்ச்சை அடித்து அடித்துக் குறித்த நேரம் 7.41.18. நீங்கள் குறித்தது 7.41.21.

ஆசிரியை இரண்டு எண்களுக்கும் கீழே கோடு போட்டார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் உங்க மாடியிலயே நின்னு பாத்தாரா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்ததும் போய், மூன்று நொடி வித்தியாசம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். நிலாவின் நிழல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறதாம், நொடிக்கு அரை கிலோமீட்டருக்கு மேல். "அப்படின்னா ரெண்டு கிலோமீட்டர் கிழக்க. ஆனா அவ்வளவு சரியா யாரும் நேரம் குறிக்க மாட்டாங்கம்மா" என்றார்.

நீங்கள் குறிப்பீர்கள் என்று அவருக்குத் தெரியாது.

இரண்டு கிலோமீட்டர் கிழக்கே என்றால் ஆற்றுக்கு அக்கரை. சரக்குக் கிடங்குகள், லாரி நிற்கும் இடம், இரண்டு லாட்ஜ்கள்.

உங்கள் கடிதங்களில் அந்த ஊர் முத்திரை எப்படி விழுகிறது என்று தெரியவில்லை. என் கடிதம் உங்களிடம் வந்துவிடுகிறது என்று மட்டும் தெரிகிறது. அதனால் பழைய விலாசத்துக்கே போடுகிறேன். இது ஆற்றைத் தாண்ட எட்டு நாள் ஆகும்.

ஏன்?

அத்தையிடம் சொல்லவில்லை.

*

மார்ச் 24

கல்லூரிக்காரிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இதை இந்த ஊர்த் தபாலிலேயே போடுகிறேன்.

அங்கே வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம். பதினாறு மானிகள் அன்று மாலைக்குள் போக வேண்டும். பதினைந்தைச் சோதித்தேன். "ஒண்ணுதானப்பா, எல்லாம் ஒரே பெட்டியில வந்ததுதானே" என்றார் மேலாளர். பதினாறாவதைச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இருபது வருஷத்தில் அது ஒன்றுதான். அந்த மானி குறைத்துக் காட்டியது. கொதிகலன் குழாய் வெடித்து, பக்கத்தில் நின்ற வெல்டருக்கு முகம் வெந்துவிட்டது. இரண்டு கண்ணும் போயிற்று. அவர் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்து, "நீங்க யாரு, கம்பெனி ஆளா?" என்று கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஊருக்குத்தான் வந்தேன். பாலம் வரை வந்தேன். அம்மா வாசலில் நின்று "எம்புள்ள மாதிரி பொறுப்பு யாருக்கு வரும்" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அங்கேயே திரும்பிவிட்டேன். ஐந்து மாதமாகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். லாரிக்கார அண்ணன் அங்கே போகும்போது என் கடிதங்களைத் தபாலில் போடுவார், உன்னுடையதைப் பழைய விடுதியில் வாங்கி வருவார். "ரெண்டு கிலோமீட்டருக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டற ஒரே டிரைவர் நான்தான்" என்பார்.

நேரத்தை மாற்றி எழுதியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். இடம் மாறினால் நேரம் மாறும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த எண்ணை மாற்றியிருக்க முடியாது. இனி பார்க்காத ஒன்றை எழுதுவதில்லை என்று அந்த ஆஸ்பத்திரி வாசலில் முடிவு செய்தேன். நான் எங்கே இருக்கிறேன் என்பதில் பொய் சொன்னேன். என்ன பார்த்தேன் என்பதில் சொல்லவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். அன்று அக்கரை மாடியில் ஒரு டார்ச் அணைந்து அணைந்து எரிந்தது. நீதான் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு லாரி கிளம்புகிறது. நான் வரலாம் என்றால், அன்று மாலை ஏழிலிருந்து ஏழேகாலுக்குள் மாடியில் டார்ச் அடி. பாலத்தைக் கடந்து வருகிறேன். வெளிச்சம் இல்லையென்றால் லாரியில் ஏறிவிடுகிறேன். நீ ஒன்றும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

*

ஏப்ரல் 19

உங்களுக்கு,

இது இரண்டாவது கடிதம். முதலாவதைப் பழைய விலாசத்துக்குப் போட்டேன். "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். லாரிக்கார அண்ணனைத் தேடி அக்கரைக்குப் போனேன். நீங்கள் பாதி வழியில் இறங்கிக்கொண்டீர்களாம். "எந்த ஊர்னு சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா. என்னை ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க ரெண்டு பேரும்?" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். என்றைக்காவது உங்களைப் பார்த்தால் கொடுக்கச் சொல்லி இதை அவரிடமே தருகிறேன்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. தபால் மேல் பழி போட வழியில்லை.

அன்று ஆறே முக்காலுக்கு மாடிக்குப் போனேன். ஏழு மணிச் செய்தி ஆரம்பித்தது. டார்ச் கையில்தான் இருந்தது. அந்த வெல்டரை நினைத்தேன். உங்களை அவருக்காக நான் மன்னிக்க முடியாது, அது அவர் பாடு. பிறகு அந்த ஐந்து மாதத்தை நினைத்தேன். இரண்டு கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு "லீவு கேட்கிற நிலைமை இல்லை" என்று எழுதினீர்கள். அதை நான் அத்தைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். விரல் அசையவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்து நின்றேன் என்று நினைக்காதீர்கள். ஒரு முடிவும் எடுக்கவில்லை. நின்றேன்.

அத்தை கீழேயிருந்து, "அங்க என்னடி பண்ற, சாப்பிட வா" என்றார்.

அப்போது டார்ச்சை அடித்தேன். கடிகாரத்தில் 7.22. ஏழரைக்கும் மேல், எட்டு வரை அடித்தேன். பாட்டரி மஞ்சளாகிப் போனது. வேறு யாராவது என்றால் ஏழு நிமிஷம் கூடுதலாக நின்று திரும்பிப் பார்த்திருப்பார்கள். நீங்கள் ஏழேகால் என்றால் ஏழேகால்தான்.

பரீட்சை முடிந்தது. செய்முறை ஏட்டில் இரண்டாவது பார்வையாளரின் இடம் என்ற கட்டத்தில் பழைய ஊரை அடித்துவிட்டு "ஆற்றுக்கு அக்கரை" என்று எழுதினேன். ஆசிரியை அதைப் பார்த்தார். இதை வைத்து நிலாவின் தூரத்தைக் கணக்குப் போட முடியாது, ஆனால் அளவு சரி என்று முழு மதிப்பெண் போட்டார்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். இப்போது காலையில் எழுந்ததும் எதுவும் கேட்பதில்லை.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு நிலா மாதாமாதம் ரோகிணியைக் கடக்குமாம். எல்லா மாதமும் எல்லா ஊருக்கும் தெரியாது. தெரிகிற அன்று நீங்கள் பார்ப்பீர்கள், பார்க்காமல் உங்களால் இருக்க முடியாது. எனக்கு விலாசம் வேண்டாம், ஊர்ப்பெயரும் வேண்டாம். நாள், மறைந்த நேரம், மீண்டும் வந்த நேரம் மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். அந்த இரண்டும் சரியாக இருந்தால் பார்த்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஆசிரியை சொன்னார். கணக்கு நீளமாம். கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன்.

டார்ச்சுக்குப் புதுப் பாட்டரி போட்டிருக்கிறேன்.

உங்கள்
கல்லூரிக்காரி