ஓநாய் கடிச்சா கடிச்சதுதான்

நவம்பர் 17, ஞாயிறு

பவுனு, இன்னைக்கு உன் கூட்டாளிங்க மூணு பேரும் வந்தாங்க. தீப்தி, சோனியா, அபினவ். ஆகஸ்டுல உன்னை அடக்கம் பண்ணின அன்னைக்குப் பார்த்தது, அப்புறம் இப்பத்தான். சோனியா இளைச்சிருக்கா. டீ குடிச்சாங்க. உன் சிவப்பு அட்டை நோட்டைக் கேட்டாங்க. இந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு ஆடற பகடைக் கதை ஆட்டத்தை நீ அதுலதான் எழுதி முடிச்சு வச்சிருந்தியாம்.

எடுத்துக் குடுத்தேன். மாத்தி மாத்திப் புரட்டினாங்க. ஒரு எழுத்து தெரியல. முழுக்கத் தமிழ். மத்த ரெண்டு பேருக்கும் ஹிந்திதான், போகட்டும், தீப்தி தமிழ்ப் பிள்ளைதானே. அவளுக்கும் பேசத்தான் வருமாம்.

"நாங்க திருட்டுத்தனமாப் பார்த்துடுவோம்னுதான் ஆன்ட்டி, அமலா தமிழ்ல எழுதுவா" என்றாள்.

ஞானோபதேசப் புஸ்தகத்தை வச்சு, அடிச்சு அடிச்சு நான் சொல்லிக் குடுத்த எழுத்து.

சரி, நான் படிச்சுச் சொல்றேன், எழுதிக்கோங்கன்னேன். கூடாதாம். ஆடுறவங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சா ஆட்டமே இல்லையாம். கதை நடக்க நடக்க ஒருத்தர் உக்காந்து சொல்லணும். அந்த ஒருத்தர் நான்தானாம். அஞ்சாங்கிளாஸ் படிச்சவ.

நவம்பர் 19

ஃபால் தைக்க வந்த சேலையெல்லாம் அப்படியே கிடக்கு. நோட்டைப் படிச்சேன்.

பனியூர்னு ஒரு ஊர். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கோயில் உச்சியில இருந்த நட்சத்திரம் காணாமப் போயிருது. அது இல்லாம அந்த ஊருக்கு விடியாது. மூணு பேர் மலை ஏறிப் போய்க் கொண்டு வரணும். தீப்தி வாள் வச்சிருக்கிறவ, சோனியா வில்லுக்காரி, அபினவ் திருடன். என்ன செய்யறோம்னு அவங்க சொல்லுவாங்க. நடக்குமா நடக்காதான்னு இருபது முகம் உள்ள பகடை சொல்லும். பெருசா விழுந்தா நல்லது, சின்னதா விழுந்தா கெட்டது.

பக்கத்தோட ஓரத்துல எழுதியிருக்க: மூணு ஓநாய். பாவம் பார்க்கக் கூடாது.

இதை யாருகிட்ட படிச்ச நீ?

நவம்பர் 24, ஞாயிறு

உங்க அப்பாகிட்ட சொன்னேன். "துக்க வருஷம். ஸ்டார் கட்டல, பலகாரம் சுடல. ஏளா, உனக்கு ஆட்டம் கேக்குதா?" என்றார். வேண்டாம்னும் சொல்லல. செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் பிம்ப்ரி ஃபாக்டரிக்குப் போயிட்டார்.

டிசம்பர் 1, ஞாயிறு

எனக்குப் பழகறதுக்கு ஒத்திகைன்னு வந்தாங்க. நீ வச்சுக்குற மாதிரியே அட்டைப்பெட்டியை வெட்டி முன்னால நிறுத்தி, அதுக்குப் பின்னால பகடை போட்டேன். என்ன விழுந்ததுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தமிழ்ல சொல்ல, தீப்தி அதை ஹிந்தியில சொன்னா.

அபினவ் பாலத்துல இருந்து தாண்டினான். மூணு விழுந்துச்சு. தாண்டிட்டான்னு சொன்னேன். சோனியா ஆத்துல விழுந்தா. கரையில ஒரு அம்மா துண்டும் டீயும் வச்சுக்கிட்டு நின்னாங்கன்னு சொன்னேன். ஓநாய் வந்துச்சு. அதுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு, பார்த்துட்டுப் போயிருச்சுன்னு சொன்னேன்.

அபினவ் ஹிந்தியில கேட்டான், "உங்க ஓநாய் சைவமா ஆன்ட்டி?"

சிரிச்சாங்க. ஒரு மணி நேரத்துல மலை உச்சிக்கே போயிட்டாங்க. நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுக் கிளம்பினாங்க. சோனியா பாதிக்கு மேல போனைத்தான் பார்த்துட்டு இருந்தா.

டிசம்பர் 8

யாரும் வரல. சோனியாவுக்கு ஆபீஸ் வேலையாம்.

டிசம்பர் 11

தீப்தி மட்டும் வந்தா. ஹிஞ்சேவாடி ஆபீஸ்ல இருந்து கம்பெனி கேப்ல நேரா நம்ம தாபோடி வீட்டு வாசல்லயே இறங்கினா.

"கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி. நீங்க பகடையை மாத்திச் சொல்றீங்க."

"பிள்ளைங்க மேல ஓநாயை விடச் சொல்றியா?"

"விடணும். அமலா விடுவா. போன வருஷம் என்னைக் கொன்னுட்டா. ஒரு வாரம் நான் அவகூடப் பேசல."

"கொன்னாளா?"

"ஆட்டத்துல. ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சா எதுக்கு ஆன்ட்டி மலை ஏறணும்?"

அப்புறம் டம்ளரைப் பார்த்துக்கிட்டே சொன்னா. அன்னைக்கு ஆடினது கணக்குல இல்லையாம், இருபத்தொம்பதாம் தேதி முதல்ல இருந்து ஒரு தடவை ஆடிப் பார்ப்பாங்களாம். சரியா வரலன்னா ஆட்டத்தையே விட்டுடறதா மூணு பேரும் பேசிக்கிட்டாங்களாம். சோனியாவுக்கு இந்த வீட்டுப் படி ஏறவே கஷ்டமா இருக்காம்.

எனக்கு மட்டும்?

டிசம்பர் 12

ஆகஸ்டுல எனக்காக யாரும் மாத்திச் சொல்லல.

டிசம்பர் 25, புதன்

பூசைக்குப் போயிட்டு வந்தோம். பக்கத்து வீட்டுல கேக் குடுத்தாங்க. உங்க அப்பா ஒரு துண்டு தின்னுட்டு, அந்தப் பிள்ளைங்க எந்தத் தேதி வருதுன்னு கேட்டார்.

டிசம்பர் 29, ஞாயிறு

மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காந்தோம். அட்டையை நிறுத்தல. பகடையை நடுவுல, எல்லார் கண்ணுக்கும் தெரியறாப்ல போட்டேன். அப்பா உள் ரூம்ல படுத்திருந்தார், கதவு திறந்திருந்துச்சு.

பாலத்துல நாலு விழுந்துச்சு. அபினவோட பை ஆத்தோட போச்சு, சாப்பாடு எல்லாம் அதுலதான். யாரும் துண்டு குடுக்கல. மேல ஏற ஏறப் பனி. ஓநாய் மூணும் வந்துச்சு. ஒண்ணைத் தீப்தி வெட்டினா. ரெண்டாவதை மூணு பேருமாச் சேர்ந்து விரட்டினாங்க. மூணாவது சோனியாவைப் பிடிச்சுக்கிச்சு. கடிக்கக் கடிக்க அவ தன் தாள்ல எழுதியிருந்த உயிர்க் கணக்கை ரப்பரால அழிச்சு அழிச்சுக் கம்மி பண்ணிக்கிட்டே வந்தா. கடைசியா ஒரு பகடை பாக்கி. அதை அவளே போட்டா.

ஒண்ணு.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் சொன்னாத்தான் ஆச்சு.

அந்த வார்த்தையை நான் நம்ம பேச்சுல இதுவரைக்கும் சொன்னதில்ல. துக்கம் கேட்டு வந்தவங்ககிட்ட எல்லாம் 'போயிட்டா'ன்னுதான் சொன்னேன். இப்பவும் வாய் வரல. ஹிந்தியில வந்துச்சு.

"மர் கயீ."

தீப்திக்கு ஹிந்தியில மாத்திச் சொல்ற வேலை இல்லாமப் போச்சு.

சோனியா அழுதா. வில்லுக்காரிக்கு யாரும் அவ்வளவு அழ மாட்டாங்க. அழட்டும்னு விட்டுட்டோம். அபினவ் எந்திரிச்சுப் போய்த் தண்ணி கொண்டு வந்தான். நான் அழல. ஓநாய் எந்தப் பக்கம் நிக்குதுன்னு நோட்டுல பார்த்துக்கிட்டு இருந்தேன்.

மூக்கைத் துடைச்சுட்டு, புதுசா ஒருத்தியை எழுதிக்கட்டுமான்னு சோனியா கேட்டா. ஆட்டத்துல அப்படித்தான் வழக்கமாம். செத்தா வேற தாள் எடுத்து வேற ஆளா உள்ள வரலாமாம். எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. ஒரு தாள், ஒரு பென்சில், அவ்வளவுதானா? அவ கேட்டுக்கிட்டே நின்னா. பென்சிலைச் சீவிக் குடுத்தேன்.

அவ எழுதுற நேரத்துல அபினவ், வில்லுக்காரியை இப்படியே போட்டுட்டுப் போகக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னான். நோட்டுல இது இல்ல. தரை பனியில இறுகிக் கிடக்கு, தோண்ட முடியாதுன்னு நானாச் சொன்னேன். தோண்டுவோம்னான். பகடை போட்டாங்க, முடியல. திரும்பப் போட்டாங்க. அஞ்சாவது தடவை பதினேழு. கல்லு அடுக்கிட்டுத்தான் கிளம்பினாங்க. சோனியாவோட புது ஆளு மருத்துவச்சி.

ஆறரைக்கு நட்சத்திரத்தைக் கொண்டு வந்து மாட்டினாங்க. விடிஞ்சுதுன்னு சொன்னேன். நீ எழுதினபடியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டல.

உள்ள இருந்து அப்பா கேட்டார்: "ஏளா, அந்த மூணாவது ஓநாய் என்ன ஆச்சு?"

யாருக்கும் தெரியல.

மார்ச் 9, ஞாயிறு

மூணு பேரும் அடுத்த வாரம் வர்றாங்க. ஹோலிக்கு என்ன ஆட்டம் ஆன்ட்டின்னு சோனியா ரெண்டு நாளா மெசேஜ். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துல ஹோலியான்னு அப்பா முணுமுணுத்தார், அப்புறம் இந்தத் தடவை சிறுத்தை வைன்னு யோசனையும் சொன்னார்.

புது நோட்டு வாங்கி எழுதிட்டு இருக்கேன். தமிழ்லதான், தீப்தி எட்டிப் பார்ப்பா. ஒரு ஊர்ல நிறம் எல்லாம் போயிருது, சேலையெல்லாம் வெள்ளையா ஆயிருது. சிறுத்தை ரெண்டு. பாவம் பார்க்கல. மருத்துவச்சி சாகுற மாதிரி ஒரு இடம்கூட இருக்கு, பகடை கெட்டதா விழுந்தா.

ஊருக்குப் பேர் மட்டும் அமையல. எழுதி எழுதி அடிச்சாச்சு. நீ எப்படி வைப்ப பவுனு, மொதல்ல பேரை வச்சுட்டு ஊரைக் கட்டுவியா, ஊரைக் கட்டிட்டுப் பேர் வைப்பியா?