வெட்டிக் காட்டிய கொக்கோ விதை

வியாழன், இரவு.

எங்கள் கொக்கோவை வாங்க முன்வந்த ஒரே வெளிநாட்டுக்காரர் இன்று வீடியோ காலில் வந்தார். சாம்பிள் அனுப்பும் முன் விதையை வெட்டிக் காட்டச் சொன்னார். தோப்பில் வேலை செய்யும் மல்லிகா அக்கா வெட்டினாள். உள்ளே கத்தரிப்பூ நிறம்; சரியாகப் புளிக்கவில்லை.

சாம்பிளைத் திருப்பதி டவுனுக்குக் கொண்டுபோய் கூரியரில் போடும் அவசரத்தில், புளிக்கவைத்த பெட்டியைப் பாதியிலேயே திறந்து காயப்போடச் சொன்னது நான்தான். ஆனால் அவரிடம், "இந்த அம்மா செய்த தப்பு" என்று இங்கிலீஷில் சொல்லி அக்காவைக் கைகாட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் பாராட்டுவதாக நினைத்து, போனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"இன்னாப்பா சொல்றாரு? நல்லாக்குதாமா?"

"நல்லாக்குதாம்கா."

"அப்ப அடுத்த தபாவும் இதே மாதிரி சீக்கிரமா எடுத்துடறேன்" என்றாள்.