அரை டம்ளர் அரிஷ்டம்

ஜூன் 3, 2024
கொச்சி மட்டாஞ்சேரி முழுக்கச் சேறு. பஜார் ரோட்டில் பாதி பெருக்குவதற்குள் ஆள் வந்தது: என் வீட்டுக்காரர் இசக்கிதுரை அரிசி மண்டி வாசலில் விழுந்துவிட்டாராம். தலையில் மூட்டை இருந்ததா என்றால், இல்லை. சாயா குடிக்கப் போனவர், சமதரையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கார்ப்பரேஷன் குப்பையோடு இவரையும் நானே அள்ளி வந்தேன்.

“மூட்டை சுமந்து தேஞ்சதாக்கும்” என்கிறார். மூட்டையாம்!

ஜூன் 7
டாக்டர் சுனிதா ஸ்கேனைக் காட்டினார். இடுப்பில் தொடை எலும்பின் உருண்டைக்கு ரத்தம் போகவில்லை. ஒரு பகுதி செத்துவிட்டது. மூட்டையால் இல்லை, குடியால். செத்தது திரும்பாது, இப்போதே நிறுத்தினால் மிச்சம் பிழைக்கலாம். இல்லாவிட்டால் நொறுங்கும், செயற்கை மூட்டு வைக்கவேண்டும். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

இவர் தலையாட்டினார். கல்யாணமான நாள் முதல் பார்க்கிற தலையாட்டல்தான். ஈரல் போகும் என்றுதான் பயந்திருந்தேன். எலும்பையுமா குடித்துத் தீர்ப்பான் ஒரு மனுஷன்?

ஜூன் 8
இன்று குடிக்கவில்லை. பெரிய சாதனை. மணி காலை ஒன்பது.

ஜூன் 15
கை நடுக்கம், வியர்வை, முகத்தில் ஏழு ஊர் சோகம். தினமும் சாயங்காலம் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்க்கிறேன். வெட்கமில்லாமல் வந்து நின்று ஊதுகிறார். “அம்மா, மதி” என்கிறாள் மகள் மகா. போதுமாம்! மலையாளம் படித்தவள், தமிழ் எழுத்து தெரியாது. தெரிந்தால் இந்த நோட்டையும் பிடுங்கியிருப்பாள்.

ஜூலை 1
இருபத்து நான்காம் நாள். ஆயுர்வேதக் கடையில் அரிஷ்டம் வாங்கினேன். எலும்புக்குப் பலமாம். மகாவைப் பெற்றபோது நாற்பது நாளும் எனக்கே கொடுத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது கெடுதலாகவா இருக்கும்? இரண்டு வேளையும் ஒவ்வொரு மூடி போதும் என்றார் கடைக்காரர். இந்த உடம்புக்கு ஒரு மூடி எந்த மூலைக்கு? அரை டம்ளர் ஊற்றினேன்.

டம்ளரை மூக்கருகே வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“என்ன, கசக்குதோ? சாராயம்னா கண்ணை மூடிட்டு ஊத்துவீங்கல்ல. குடிங்க.”

குடித்தார்.

ஜூலை 19
காலையில் அரை, சாயங்காலம் அரை. கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொள்கிறார். நடுக்கம் இல்லை, முகம்கூடத் தெளிந்திருக்கிறது. பொன்மணி நினைத்தால் எருமையையும் திருத்துவாள்.

ஆகஸ்ட் 11
அப்பாவின் வாய் நாறுகிறது என்றாள் மகா. மருந்து வாடை என்று வாயை அடைத்தேன்.

செப்டம்பர் 6
கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

உருண்டையின் ஓரம் சரியத் தொடங்கியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையும் சரியில்லை. “குடிக்கிறாரா?” என்றார் டாக்டர். “ஒரு சொட்டு கிடையாது, நான்தான் காவல்” என்று சொல்லி, பையிலிருந்து பாட்டிலைப் பெருமையாக எடுத்து மேஜையில் வைத்தேன். லேபிளைத் திருப்பிக் காட்டினார். மலையாளம் எனக்கு ஓடாது. கூட வந்திருந்த மகாதான் படித்தாள். ஆல்கஹால், இத்தனை சதவீதம்.

“ஒரு மூடி மருந்து. தினம் ஒரு டம்ளர் மருந்தா?”

ஆட்டோவில் கேட்டேன், “உங்களுக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும்.”

“பின்னே ஏன் குடிச்சீங்க?”

“வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். நீ குடிங்கன்னு சொல்லிட்டே. அப்புறம்... கையில கிட்டினா தன்னால குடிச்சுப்போகும், பொன்மணி.”

இருபத்து மூன்று நாள் நடுங்கிக்கொண்டு தாக்குப்பிடித்த மனுஷன். அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னேனா? வாயை முகர்ந்தேன், பிறகு என் கையாலேயே ஊற்றிக் கொடுத்தேன். நீயெல்லாம் காவலாடி? தூ.

செப்டம்பர் 7
பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். மறுபடி முதல் நாள்.

செப்டம்பர் 12
நடுக்கம் திரும்பிவிட்டது. ஊதச் சொல்லவில்லை.

டிசம்பர் 9
ஓரம் அதற்குமேல் சரியவில்லை. அறுவை இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். மூட்டை தூக்கக் கூடாது, கம்பு ஊன்றி நடக்கலாம்.

சாயங்காலம் கால்சியம் மாத்திரையும் அதே டம்ளரில் பாலும் கொடுத்தேன். வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.