பின்சுவரில் மாட்டிய துடைப்பங்கள்

மே 9, வெள்ளி

கத்திரி வெயில். எட்டு மணிக்கே வாசல் சிமென்ட் சுடுகிறது. பங்காருபாளையம் மண்டிக்குப் போகிற மாங்காய் லாரிகள் விடியற்காலையிலிருந்து வரிசையாக. வீடெல்லாம் தூசி. பக்கத்து வீட்டு சுஜாதம்மாவின் ஜாக்கெட் இன்னும் தைத்து முடியவில்லை. முதுகு ஆழமாக வேண்டுமாம், இந்த வயதில்.

இவர் குவைத்திலிருந்து வந்து ஒரு வாரம். ரெண்டு மாத லீவு. வந்ததிலிருந்து தூக்கம், சாப்பாடு, மறுபடியும் தூக்கம். நேற்று திடீரென்று எழுந்து, அங்கிருந்து கொண்டு வந்த ட்ரில்லிங் மிஷினை எடுத்துப் பின்கட்டுச் சுவரில் ஓட்டை போட ஆரம்பித்துவிட்டார். சாமி படத்துக்கு ஸ்டாண்டு என்று நினைத்தேன். நீளமாக ஒரு மரக்கட்டை, அதில் வரிசையாகக் கொக்கி. மாட்டியது என்னென்ன:

பூந்துடைப்பம்
தென்னந்துடைப்பம் (மூங்கில் கழி கட்டி நீளமாக்கியிருக்கிறார்)
ஒட்டடைக் கோல்
மாப் மூன்று
தண்ணீர் தள்ளுகிற ரப்பர் கட்டை
மாங்காய் பறிக்கிற தொரட்டி
மண்வெட்டி

கிணற்றடிக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது துடைப்பம். எங்கள் வீடுகளில் கதவுக்குப் பின்னால் படுக்க வைப்பதுதான் வழக்கம். வருகிறவர் கண்ணில் படக் கூடாது. இவருக்குத் தெரியாததா?

கேட்டேன். "காத்தாட காயணும்மே. தரைல கெடந்தா நாரு மக்கிப்பூடும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் துடைப்பத்தைத் தொட்டது இல்லை. நடக்கிற வழியில் கிடந்தால் "விஜயா" என்று ஒரு குரல். நான் கையில் மாவோடு ஓடி வந்து எடுப்பேன். இப்போது நார் மக்குவதைப் பற்றிக் கவலை.

மே 11, ஞாயிறு

கரண்ட் இல்லை. தையல் மிஷின் ஓடவில்லை.

மகள் கவிதா திருப்பதி ஹாஸ்டலிலிருந்து வந்து மத்தியானமே திரும்பிவிட்டாள். கோச்சிங் கிளாஸ், லீவு கிடையாதாம். சுவரைப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. "இன்னா நைனா இது, கடை மாரி கீது." இவரும் சிரித்தார். ஆனால் அவள் போனதும் ஒட்டடைக் கோலையும் ஒரு மாப்பையும் இடம் மாற்றி மாட்டினார்.

கழிகளில் கலர் டேப் வேறு சுற்றியிருக்கிறார். பாத்ரூமுக்குச் சிவப்பு. சமையல்கட்டுக்கு மஞ்சள். மற்ற அறைகளுக்கு நீலம். மறந்துபோய் சிவப்பு டேப் மாப்பால் சமையல்கட்டைத் துடைத்தேன். கையைப் பிடித்துவிட்டார். நிஜமாகவே பிடித்தார். முகம் மாறிவிட்டது. பிறகு, "ஒண்ணுமில்ல, வுடு" என்றார்.

யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். தானாக வருகிற புத்தியா இது?

மே 13, செவ்வாய்

சுஜாதம்மா ஜாக்கெட்டுக்கு அளவு மாற்ற வந்தாள். பின்கட்டுக்குப் போய்க் கை கழுவினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏமி விஜயம்மா, சீப்புரு அந்தா கோடமேல? யாரு மாட்னது?"

துடைப்பமெல்லாம் சுவர் மேலேயா என்று கேட்டாள். இவர்தான் என்றேன். கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு, என் காதருகே வந்து சொன்னாள்: "ஆம்பளை கை தொடப்பத்துக்குப் போச்சுன்னா, அங்க எவளோ ஒருத்தி குடும்பம் நடத்தக் கத்துக்குடுத்துட்டான்னு அர்த்தம். மா மேனமாமா கூட அட்லே, எங்க தாய்மாமனும் அப்படித்தான். மஸ்கட் போய் வந்து காப்பி டம்ளர் கழுவினாரு. அப்புறம் தெரிஞ்சுது."

சுஜாதம்மாவுக்கு வாய் நீளம். அவளை நம்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் காஜா எடுக்கும்போது ரெண்டு தரம் விரலில் குத்திக்கொண்டேன்.

மே 14, புதன்

கவனித்தவை:

விடியற்காலை யாரும் எழுப்பாமல் எழுந்துவிடுகிறார். எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார், எங்கோ போக வேண்டியவர் மாதிரி.

பினாயில் பாட்டிலை மோந்து பார்த்து, "தண்ணி கலந்து விக்கறான்" என்கிறார்.

துண்டு பிழிகிறார். என்னைவிட நன்றாகப் பிழிகிறார். ஒரு சொட்டு வருவதில்லை.

கையில் இடுக்கு இடுக்காக வெடிப்பு. குவைத்தில் ஸ்டோரில் உட்கார்ந்து வேலை வாங்குகிற சூப்பர்வைசர் கையா? கேட்டால் ஏசி காற்றாம்.

என் பெட்டிக்கு மேலே அவர் போட்டோ. டை கட்டி மேஜைக்குப் பின்னால் நிற்கிறார். என்னைப் பெற்ற நைனா நகரியில் தறிக்கு மேலே அதே போட்டோவை மாட்டி வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட.

மே 15, வியாழன்

வந்துவிட்டது. பேர் வந்துவிட்டது.

சாயங்காலம் பூந்துடைப்பத்தை நான் சுவரில் சாய்த்து வைத்தேன். வேண்டுமென்றுதான். என்ன செய்கிறார் பார்க்கலாம் என்று. எடுத்துக் கொக்கியில் மாட்டினார். மாட்டிக்கொண்டே, தன்னை மறந்து, "சாச்சி வெச்சா லிண்டாவுக்குப் புடிக்காது" என்றார்.

"யாருக்கு?"

"யாருக்கும்."

"இல்ல, ஒரு பேரு சொன்னீங்க."

"வேலை செய்ற எடத்துல ஒருத்தங்க" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விட்டார். இருட்டுகிற நேரத்தில் யார் பாத்தி வெட்டுவார்கள்?

லிண்டா. ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரியா, பிலிப்பைன்ஸ்காரியா? அங்கே அவர்கள்தான் நிறைய என்று கேள்வி. பாவாடை, லிப்ஸ்டிக், சிரிப்பு. என் வீட்டுத் துடைப்பத்தை எங்கே மாட்ட வேண்டும் என்று அவள் முடிவு செய்கிறாள். சாப்பிடவில்லை. இவர் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

மே 17, சனி

திருமலைக்குப் போவதாக வேண்டுதல். இவர் வந்தால் போகலாம் என்று நான்தான் முடிந்து வைத்திருந்தேன். நாளைக்குக் கிளம்புகிறோம். சாமி முன்னால் நிறுத்தி வைத்து லிண்டா யார் என்று கேட்கப் போகிறேன். அங்கே பொய் சொல்ல மாட்டார். எடுத்துக்கொள்ள: மஞ்சள் துணி, புளியோதரை, இவருக்கு வேஷ்டி.

மே 19, திங்கள்

சாமியைக் கேட்கிற வேலையே இல்லாமல் போனது.

நேற்று. தரிசனத்துக்குக் காத்திருக்கிற ஹாலில் ஜனம் நெருக்கியடித்து. எனக்கு முன்னால் ஒரு குழந்தை. பால் கொடுத்திருந்தார்கள், குடித்த சூட்டில் அப்படியே வாந்தி. கூட்டம் விலகியது. மூக்கைப் பொத்திக்கொண்டு "கோவிந்தா" என்றார்கள். அந்தத் தாய் முந்தானையால் துடைக்கப் போனாள்.

இவர் என் பக்கத்தில்தான் நின்றார். அடுத்த நிமிஷம் இல்லை. ஹால் கோடியில், குழாயடியில் நிற்கிறார். மாப் எங்கே இருக்கும் என்று யாரையும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்தார். தோளில் இருந்த துண்டைத் தரையில் குறுக்கே போட்டார், யாரும் மிதிக்காமல் இருக்க. யாரோ உட்கார்ந்திருந்த பேப்பரை வாங்கி, ஓரத்திலிருந்து நடுவுக்கு அள்ளினார். பிறகு மாப். பின்பக்கமாக நடந்து நடந்து, இடது வலது, இடது வலது. அப்புறம் குனியவே இல்லை. பட்டு வேஷ்டியில் ஒரு பொட்டு படவில்லை. அழகாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழகாகத்தான் இருந்தது.

நீலச் சட்டை போட்ட துப்புரவு ஆள் ஒருவன் அப்போதுதான் வந்தான். நின்று பார்த்தான். சிரித்தான். "அன்னா, மீதி கூடா மன பனேனா?" உங்களுக்கும் நம்ம வேலைதானா என்று.

நான் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நிற்பது இவருக்குத் தெரியவில்லை.

"அவுனு தம்முடு. குவைத்துல, ஆஸ்பத்திரில."

"சூப்பர்வைசரா?" என்றான் அவன்.

"காது, காது. ஊட்சேவாண்ணே." இல்லை, பெருக்குகிறவன்தான் என்று, எவ்வளவு லேசாகச் சொன்னார். "மா சூப்பர்வைசரு லிண்டா மேடம். சால ஸ்ட்ரிக்ட்டு."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். என்னோடு அப்படிச் சிரித்து வருஷக்கணக்கில் ஆகிறது. மாப்பைக் கொண்டுபோய் அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் சாமிக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

சந்நிதியில் தள்ளிவிட்டார்கள். என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவு இல்லை. பஸ்ஸில் மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு தலை சுற்றியது.

மே 20, செவ்வாய்

காலையில் சுவரில் இருந்ததையெல்லாம் பிடுங்கிக் கதவுக்குப் பின்னால் போட்டேன். சத்தம் கேட்டு வந்தார். பார்த்துக்கொண்டு நின்றார்.

"மலைல கேட்டுகினு இருந்தியா?"

"கேட்டேன்."

உட்கார்ந்துவிட்டார், கிணற்றடியில்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க? பதினோரு வருஷம்."

"மொதல்ல ஸ்டோருன்னுதான் இட்டுகினு போனாங்க. எறங்குனதும் கைல மாப்பைக் குடுத்தாங்க. உங்க நைனாவுக்கு இன்னான்னு எழுதுவேன்? தறிக்காரன் பொண்ணைக் குடுத்தாரு, மாப்பிள்ளை தொடப்பக்காரனா பூட்டான்னா?"

"எனக்குச் சொல்லி இருக்கலாம்."

"சொல்லி இருந்தா நீ அந்த போட்டோவைப் பாத்துகினு இருந்திருப்பியா?"

எனக்கு இன்னும் கோபம் வந்தது. நகரியில் அந்த வேலை செய்கிறவர்கள் தெருவில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போவோம். எங்கள் சொந்தத்தில் யாரையாவது திட்ட வேண்டுமென்றால் முதலில் வருகிற வார்த்தை துடைப்பக்கட்டை. இவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

"வேலைல இன்னாமே கீது. நான் தொடச்சா அங்க நோயாளிக்குச் சீழ் புடிக்காது. அங்க எனக்கு வெக்கம் வர்ல. மெட்ராஸ்ல ஏரோப்ளேன் எறங்கும்போதுதான் வருது."

லிண்டாவுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களாம். முட்டி வலியாம். நான் நினைத்த பாவாடையும் லிப்ஸ்டிக்கும் எங்கே போயின?

உண்மையை எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். பொம்பளை விஷயமாக இருந்திருந்தால் சண்டை போட எனக்குத் தெரியும். அழுவேன், நைனா வீட்டுக்குப் போவேன், பஞ்சாயத்து வைப்பேன். இதற்கு என்ன செய்வது, யாரிடம் போய்ச் சொல்வது?

மே 21, புதன்

எழுந்து பார்த்தால் எல்லாம் மறுபடியும் கொக்கியில். டேப் கலர் மாறாமல். நான் பிடுங்கவில்லை.

இட்லி. வெயில் கொஞ்சம் குறைவு. சட்னி போதுமா என்று நானாகக் கேட்டேன்.

மே 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சுஜாதம்மா மத்தியானம் வந்தாள், ஜாக்கெட் வாங்க. உட்காரக்கூட இல்லை.

"மா செல்லி கொண்டமேல உன்னப் பாத்தாளாம் விஜயம்மா. அவளும் அதே ஹால்ல. மீ ஆயன மாப் போட்டாராமே? சால பாகா போட்டாராமே, டூட்டி ஆளு மாரி? ஆமா, குவைத்துல அவருக்கு நெசமா ஏம் பனி?"

அவள் தங்கை மலையில் இவர் மாப் போட்டதைப் பார்த்தாளாம். இவருக்கு அங்கே என்ன வேலை, நெசமா என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். கண் பின்கட்டுப் பக்கம் போயிற்று, சுவரில் மாட்டியிருந்த வரிசை மேலே. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் அவளே கணக்குப் போட்டுவிடுவாள். தெருக்கோடி வரைக்கும் போகும். அங்கிருந்து நகரிக்கு.

என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"அதெல்லாம் அந்த லிண்டா பழக்கினது" என்றேன்.

"எவ அவ?"

"இன்னாத்தச் சொல்றது சுஜாதம்மா. நீ சொன்னது சரியாப் பூட்ச்சு."

அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜ அழுகை. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். மாப்பை மறந்தாள், வேலையை மறந்தாள், தன் மேனமாமா கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். போகும்போது ஜாக்கெட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு அவசரம். நேரே எதிர் வீட்டுக்குத்தான் போனாள்.

திரும்பினால் சமையல்கட்டு வாசலில் இவர்.

"தொடப்பக்காரன்றதுக்கு இது தேவலையா உனுக்கு?"

"தெருவுக்கு இதான் தேவலை."

"நான் உன்ன கேட்டேன்."

தேவலை என்று சொல்லத்தான் வந்தது. சுஜாதம்மா விட்டுப்போன ஜாக்கெட்டை எடுத்து மடித்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கவிதா காதுக்குப் போனா?" என்றார்.

கவிதாவை நான் யோசிக்கவே இல்லை. சுஜாதம்மா மகளும் அதே ஹாஸ்டல்தான். ராத்திரிக்குள் போன் போய்விடும். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும். இவர் புது செல்போனை என் முன்னால் வைத்துவிட்டு, "நீயே சொல்லு" என்று பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அப்படியெல்லாம் எவளும் இல்லை, உங்க நைனா நல்லவர் என்று சொல்லிவிடலாம். சொன்னால், அப்போ ஏம்மா சுஜாதம்மாகிட்ட அப்படிச் சொன்ன என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மாப்பைச் சொல்ல வேண்டும்.